வண்டிக்குப் பின்னால் நின்றவர்

மலைக்கு அடியில், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீடு இரண்டு, மாட்டுக் கொட்டகை ஒன்று, மழையை நம்பிய நிலம் கொஞ்சம். அவ்வளவுதான். மார்கழி பிறந்தால் பனி மலையிலிருந்து இறங்கி வந்து ஓடைமேல் படுத்துக்கொள்ளும். விடிந்து வெகுநேரம் ஆகியும் எழுந்திருக்காது. அந்த நேரத்தில் மடத்து வாசலில் நின்று பார்த்தால், அக்கரை என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. உலகத்தை விட்டு வந்தவர்களுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மடத்தை நடத்தியவர் மயிலம்மாள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அவருடைய சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லோருக்கும் மூத்தவர் செங்கோடன். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மயிலம்மாளை அம்மா என்பார். மயிலம்மாள் அவரை அண்ணா என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

வந்த நாளிலிருந்து செங்கோடன் காவி கேட்டுக்கொண்டிருந்தார். மயிலம்மாள் கொடுத்தபாடில்லை. ஒரு நாள் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவர் மறுபடியும் ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும் விட்டுட்டனுங்கம்மா. வீட்டை விட்டேன், காப்பியைக்கூட விட்டேன். மக ஒருத்தி மட்டும் என்னைய விட மாட்டீங்கறா."

"போன் பண்றாளா?"

"இல்லீங்க."

"இங்க வந்து நிக்கறாளா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படிங்கண்ணா விட மாட்டீங்கறா?"

செங்கோடன் மறுபடி கீரைக்குத் திரும்பினார். கீரையை விட்டுத் தண்டையெல்லாம் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மயிலம்மாள் தண்டைப் பொறுக்கித் தனியே வைத்தார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்கம்மா. புள்ளை மேல இருக்கற பற்றை விட்டுட்டா, பாசமும் கூடவே போயிருமுங்களா?"

"போயிரும்னு சொன்னா?"

"அப்படின்னா எனக்குக் காவி வேண்டாமுங்க."

மயிலம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வியாழக்கிழமை நம்ம நிலத்துக்கு உழவு ஓட்ட டிராக்டர் வருதுங்கண்ணா."

"நான் கேட்டதுக்கு..."

"ஓட்டறது உங்க மகதான்."

செங்கோடனுக்குக் கை ஓடவில்லை. காலும் ஓடவில்லை. அன்று கீரையில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

மகளின் பெயர் சம்பூர்ணம். அவளுடைய தாய் அவள் சிறு பிள்ளையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். செங்கோடன் தன்னுடைய பேருந்திலேயே மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். அவள் இறங்கிச் சாலையைத் தாண்டி, கேட்டுக்குள் நுழைந்து, முதுகுப் பை கண்ணுக்கு மறையும்வரை விசில் கொடுக்க மாட்டார். வண்டி நிறையச் சனம் முணுமுணுக்கும். டிரைவர் கண்ணாடியில் முறைப்பார். யார் முறைத்தால் என்ன, அவர் பாட்டுக்குப் படியில் நிற்பார்.

அவள் வளர்ந்தாள். டிராக்டர் வாங்கி வாடகைக்கு உழவு ஓட்டக் கிளம்பினாள். செங்கோடன் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் படியை விட்டு இறங்கவில்லை. அவள் எந்த நிலத்துக்குப் போனாலும் பின்னாலேயே போனார். அவள் வண்டியைப் பின்னுக்கு எடுத்தால் சக்கரத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்பார். ஒரு நாள் நாலு பேர் முன்னால் அவள் பொறுமை இழந்தாள். "அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்காச்சும் போய் நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் வந்த வார்த்தை. செங்கோடன் அதைத் துறவுக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறிவிட்டார். மனிதருக்கு ரோஷத்துக்குக் குறைவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. விடிந்தது என்று சேவல் சொல்லித்தான் தெரிந்தது. வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது.

ஊர் தொலைவு. அவ்வளவு தூரம் டிராக்டரை ஓட்டி வர முடியாது என்பதால், லாரிக்குப் பின்னால் கோத்த டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள் சம்பூர்ணம். ஓடைப் பாலம் குறுகல். லாரி அதில் நுழையாது. அக்கரைச் சாலையிலேயே டிராக்டரை இறக்கி, பாலத்தில் ஓட்டி வர வேண்டும்.

செங்கோடன் பாலத்தைத் தாண்டினார். பனிக்குள் முதலில் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. அப்புறம் லாரியின் முகம். அதற்கும் பின்னால், அந்தரத்தில் நிற்பது மாதிரி ஒரு சிவப்பு டிராக்டர். அதன் சக்கரங்களுக்குக் கீழே எதுவுமே இல்லை. தூக்கம் இன்னும் கலையவில்லையோ என்று அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

லாரியிலிருந்து சம்பூர்ணம் இறங்கினாள். மெலிந்திருந்தாள். அவருக்கு அப்படித் தோன்றியது. எந்தத் தகப்பனுக்குத் தோன்றாது.

"நல்லாருக்கீங்களாப்பா?"

"இருக்கறன் கண்ணு. சாப்பிட்டயா?"

"ஆச்சுங்கப்பா."

மயிலம்மாள் தூக்குப் போசியில் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். லாரி ஓட்டி வந்த சூசை ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "எறக்கிரலாமா?" என்றார்.

"பனி விலகட்டுமுங்கண்ணா. பலகை கண்ணுக்குத் தெரியோணும்" என்றாள் சம்பூர்ணம்.

காத்திருந்தார்கள். எங்கோ மயில் ஒன்று அகவியது. கிழக்கா மேற்கா என்று சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாலை வெளுத்தது, பிறகு கறுத்தது. ஓரத்துப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஓடைமேல் மட்டும் பனி எழுந்திருக்கவில்லை.

சம்பூர்ணம் வேலையை ஆரம்பித்தாள். தரை மட்டமாக இருக்கிறதா என்று நடந்து பார்த்தாள். லாரியின் கைப்பிரேக்கைப் போடச் சொன்னாள். லாரிக்கும் டிரெய்லருக்கும் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை வைக்கச் சொன்னாள். டிரெய்லரின் பின்பக்கத்திலிருந்து இரண்டு இரும்புப் பலகைகளைத் தரைக்குச் சாய்வாகப் போட்டார்கள். டிராக்டரின் இரண்டு சக்கரத் தடமும் அவற்றுக்கு நேராக வருமாறு நகர்த்தி நகர்த்தி வைத்தாள். பலகையில் பனி ஈரம் மினுங்கியது.

"ஈரத்துல வழுக்கும். ஒரு சாக்கு இருந்தா நல்லாருக்கும்."

செங்கோடன் சாக்கு கொண்டுவர ஓடினார். கொண்டுவந்து, குளித்த குழந்தைக்குத் தலை துவட்டுவது போலப் பலகைகளை அழுத்தி அழுத்தித் துடைத்தார். போதும் என்று சம்பூர்ணம் சொல்லியும் துடைத்தார்.

அவள் சூசையிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. "மழைக்குப் பயந்து அவசரத்துல மூக்கு முன்னாடியா ஏத்திட்டோமுங்கண்ணா. பின்பக்கமா ஏத்தியிருந்தா இப்ப நேரா இறங்கிரலாம். இனிப் பின்னாடியாத்தான் எறங்கோணும். கனமெல்லாம் கீழ போகும், மூக்கு மேல நிக்கும். பாதியில சடக்குன்னு பிரேக்கை மிதிச்சா மூக்குத் தூக்கிட்டு வண்டி மல்லாந்துக்கும்."

"வண்டி மல்லாந்தா ஓட்டறவங்க?" என்றார் சூசை.

"அடியில இருப்பாங்க."

அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். செங்கோடன் சாக்கை எடுத்துக்கொண்டு மறுபடி பலகைக்குப் போனார்.

அவள் கட்டியிருந்த சங்கிலிகளை அவிழ்த்தாள். டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு பிரேக்கும் சேர்ந்தே பிடிக்கும்படி நடுவில் கொக்கியை மாட்டினாள். ஆகக் குறைந்த வேகத்துக்குக் கியரைப் போட்டாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. பின்னாடி ஆள் ஆகாது. பக்கத்துலயும் ஆகாது. அப்பா, உங்களையுந்தான்."

"சரி கண்ணு."

செங்கோடன் தள்ளித்தான் நின்றார். இதைச் சத்தியம் செய்துகூடச் சொல்லலாம். டிராக்டர் உறுமிப் பின்னுக்கு நகர்ந்தபோது, பெரிய சக்கரங்கள் டிரெய்லரின் விளிம்புக்கு வந்தபோது, அவர் கால்கள் அவரைக் கேட்கவில்லை. அத்தனை வருஷம் பேருந்துக்குப் பின்னால் நின்ற கால்கள். அவை பாட்டுக்கு நடந்துபோய்ப் பலகைகளுக்கு நேர் பின்னால் நின்றுவிட்டன. கையும் தானாக உயர்ந்தது.

"வரலாம், வரலாம், இன்னும் வரலாம்..."

பலகையையும் சக்கரத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்த சம்பூர்ணத்தின் கண்ணில் அப்பா பட்டார். அவள் கால் பிரேக்கை மிதித்தது.

டிராக்டரின் முன்சக்கரங்கள் டிரெய்லரை விட்டு மேலே எழுந்தன. சத்தமே இல்லாமல் எழுந்தன. ஒரு சாண், ஒரு முழம். சிவப்பு மூக்கு வானத்தைப் பார்த்தது. சம்பூர்ணத்தின் முதுகு பின்னால் சாய்ந்தது. சூசையின் வாய் திறந்தபடி நின்றது. செங்கோடனுக்கு எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாக நடந்தது. அந்த மூக்கு மேலே போகுமா, கீழே வருமா என்று அதுவே யோசித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

அவள் காலை மெல்லத் தளர்த்தினாள். முன்சக்கரங்கள் தடாரென்று கீழே விழுந்தன. சக்கரங்கள் பலகையில் அதிக தூரம் இறங்கியிருக்கவில்லை. முன்கியரைப் போட்டு, அங்குலம் அங்குலமாக மறுபடி மேலே ஏற்றி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க அவளால் முடியவில்லை. சூசை வாங்கித் திறந்து கொடுத்தார்.

குடித்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

"பலகை இத்தனூண்டு அகலங்கப்பா. சக்கரம் கொஞ்சம் விலகினாப் போச்சு. நான் பலகையைப் பாக்கறதா, உங்களைப் பாக்கறதா?"

"நான் பாத்துக்கறன் கண்ணு. நீ வா."

"நீங்க அங்க நின்னு பாக்கறீங்கங்கறதுதாம்ப்பா எனக்குப் பயமே."

"வண்டி சரிஞ்சு வந்தா பின்னாடி ஒரு ஆள் வேண்டாமா?"

"வந்தா? தாங்கிப் புடிச்சுக்குவீங்களா?"

அத்தனை பெரிய இரும்பை இரண்டு கையால் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவர் மனதுக்குள் எங்கோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் கேட்டபிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். டிக்கெட் கிழித்த கைகள்.

அதுவரை புளியமரத்தடியில் பேசாமல் நின்றிருந்த மயிலம்மாள் வந்தார்.

"வாங்கண்ணா. மடத்துப் பக்கம் போலாம்."

"நான் இல்லாமலா எறக்கறா?"

"நானுந்தான் இல்லாம."

சம்பூர்ணம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போங்கள் என்று சொல்லவும் இல்லை, இருங்கள் என்று சொல்லவும் இல்லை. செங்கோடன் திரும்பினார். பாலத்தில் கால் வைத்ததும் பனி அவரை விழுங்கிவிட்டது.

மறு கரையில் நிலத்து வேலியருகே இருவரும் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் பாலம் பாதிவரை இருந்தது. அதற்கப்பால் பால் வெள்ளை. லாரி இல்லை, மரங்கள் இல்லை, மகள் இல்லை. இல்லாத இடத்திலிருந்து எஞ்சின் சத்தம் மட்டும் எழுந்தது.

"ஒண்ணுமே தெரியலீங்கம்மா."

"ஆமாங்கண்ணா."

"விழுந்துட்டான்னா?"

"ஓடலாம்."

"நான் பின்னாடி இருந்திருந்தா?"

"உங்களைத் தூக்கறதா, அவளைத் தூக்கறதான்னு நான் நின்னு யோசிச்சிருப்பேன்."

சத்தம் நகர்ந்தது. முதலில் அது அக்கரையில் இருந்தது. பிறகு மலையிலிருந்து வந்தது. பிறகு ஓடைக்குள்ளிருந்து. கொஞ்ச நேரத்தில் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. சாலையும் ஓடையும் மலையும் கரைந்துபோய், அந்த வெள்ளைக்குள் அந்தச் சத்தம் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதுதான் தன் மகள் என்று செங்கோடனுக்குத் தோன்றியது. பிறந்த அன்று திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட அழுகையும் இப்படித்தான் இருந்தது. அன்றும் அவரை உள்ளே விடவில்லை.

சத்தம் கனத்தது. இரும்பு முனகியது. பலகைக்கு வந்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. அவர் கை தன்னையறியாமல் மேலே எழுந்தது. எழுந்த கையை மறு கையால் பிடித்து இறக்கினார். பிடித்த கை நடுங்கியது. பற்கள் அடித்துக்கொள்வது அவர் காதுக்கே கேட்டது. பனிக்குளிர் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும். அவருக்குத் தெரியும், குளிர் இல்லை.

மயிலம்மாள் அவரைத் தொடவில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்றார்.

இரும்பு இன்னொரு முறை, நீளமாக, முனகியது. அப்புறம் கனமாக ஏதோ தரையைத் தொட்ட ஓசை. எஞ்சின் நின்றுவிட்டது.

செங்கோடன் தன் வாழ்நாளில் அதுவரை கேட்டிராத நிசப்தம் அது. ஓர் அடி எடுத்து வைத்தார். இன்னோர் அடி எடுத்தால் ஓடிவிடுவார். பாலம் முன்னால்தான் இருந்தது. அவர் மயிலம்மாளைத் திரும்பிப் பார்த்தார். மயிலம்மாள் அவரைப் பார்க்கவில்லை. பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்த அடியை வைக்கவில்லை. காதை மட்டும் கொடுத்தார்.

"சூசையண்ணா, அந்தப் பலகையக் கொஞ்சம் புடிங்க. ரெண்டு பேருமாத் தூக்கிரலாம்."

மகளின் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது. அவ்வளவுதான். இரும்பு இரும்பின் மேல் விழும் சத்தமும் அதன் பின்னாலேயே சிரிப்பும் கேட்டன. செங்கோடன் வேலியோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் எஞ்சின் மறுபடியும் உயிர் பெற்றது. பாலத்தின் பாதியில், வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு சம்பூர்ணம் வந்தாள். முடியெல்லாம் பனித்துளி. பாலத்தின் இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவரைத் தாண்டிப் போனபோதும் திரும்பவில்லை. நிலத்துக்குள் இறங்கி, மண்ணில் சக்கரம் பதிந்த பிறகுதான் தலையைத் திருப்பி அப்பாவைத் தேடினாள். கண்டுபிடித்து, கையை அசைத்தாள்.

செங்கோடனும் அசைத்தார். அசைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிராக்டர் நிலத்தின் கோடிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இனிமே நான் காவி கேக்க மாட்டனுங்க."

"ஏனுங்கண்ணா?"

"தள்ளித்தான் நின்னேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு நொடி நிக்கலீங்க. இப்பவும் பாருங்க, கை எப்படி நடுங்குதுன்னு. பற்றும் போகலை, பாசமும் போகலை. எதுவுமே போகலீங்கம்மா."

அவர் கையை நீட்டினார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. மயிலம்மாள் அதைப் பார்த்தார்.

"நடுங்கட்டுமுங்கண்ணா. இந்தத் தடவை அந்த நடுக்கம் பிரேக்குல இருந்த அவ காலுக்குப் போகலையே."